பத்தாம் நம்பர் சாக்கெட்

எங்கள் வீட்டில் இரண்டு அறை. என் கணவரின் பெட்டியில் ஏழு அறை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் வீட்டுக்கு ஒரு புது அலமாரி வரவில்லை. அந்தப் பெட்டிக்கு மட்டும் நான்கு சக்கரம், இரண்டு பூட்டு, மேலே ரப்பர் விரிப்பு, தூசு படாமல் போர்த்த ஓர் உறை. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சிவப்புதான் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான்.

அவர் கார் மெக்கானிக். நான் அதே பட்டறையில் முன்பக்கம் மேசை போட்டு உட்கார்ந்து, வண்டி கொண்டுவருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்டு வேலைச் சீட்டு எழுதுகிறவள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நாள் முழுக்கப் புருஷனைக் கண்ணெதிரே வைத்திருக்கிறாயே என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். நான் பார்ப்பதெல்லாம் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைத்தான்.

பட்டறையில் முதலாளியின் சாமான் என்று சொன்னால் ஜாக்கி, கம்ப்ரசர், நான்கு சுவர், ஒரு தகரக் கூரை. மற்றதெல்லாம் வேலை செய்கிறவன் கொண்டுவர வேண்டும். ஓட்டலில் வேலைக்குச் சேரும் சமையல்காரனிடம் சட்டி பானையோடு வா என்று யாரும் சொல்வதில்லை. மெக்கானிக்கிடம் மட்டும் சொல்வார்கள். அவனும் அதை ஏதோ மரியாதை என்று நினைத்துத் தலையாட்டுவான்.

வியாழக்கிழமைதோறும் சாமான் வேன் வரும். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே நகைக்கடைதான்: வெல்வெட் துணி, விளக்கு, வரிசை வரிசையாகப் பளபளக்கும் இரும்பு. வேன்காரர் வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். என் கணவரின் பழைய ஸ்பேனரைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "உங்க கைக்கு இதெல்லாம் ஒரு சாமானாண்ணே?" என்பார். அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் புரியாது. இப்படிப் புகழ்ந்து புகழ்ந்தே ஆறு வருஷத்துக்கு முன்னால் பெட்டியைத் தலையில் கட்டினார். ஐந்து வருஷத் தவணை. ஜாமீன் கையெழுத்து முதலாளி போட்டார். தன்னிடம் வேலை செய்கிறவனுக்காக இப்படி முன்வந்து கையெழுத்துப் போடுகிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று நான் அன்றைக்குக் கண் கலங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பட்டறையில் இன்னொரு மெக்கானிக் இருந்தான். அவனைப் ‘பை’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவன் சொத்து முழுக்க ஒரு கித்தான் பைக்குள் அடக்கம். முப்பது நாற்பது சாமான்; பாதிக்குக் கைப்பிடியில் கறுப்பு டேப். காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவான், சாயங்காலம் மாட்டிக்கொண்டு போவான். என் கணவரைவிட ஏழெட்டு வயது சின்னவன். என்னை அண்ணி என்பான், பெட்டியைக் காட்டி, "என்ன அண்ணி, உங்க சக்களத்தி இன்னைக்குக் குளிச்சாச்சா?" என்று கேட்பான். ஏனென்றால் அவர் தினமும் காலையில் அதைத் துடைப்பார்.

இரண்டு பேருக்கும் ஓயாத வாக்குவாதம்.

"நட்டுக்குத் தெரியுமாண்ணே, ஸ்பேனரு என்ன வெலன்னு?"

"நட்டுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்டா."

அதிலும் உண்மை இருந்தது. பையின் மலிவு ராட்செட் ஸ்பேனர் ஒருநாள் இறுக்கும்போது பல் வழுக்கி, அவன் விரல் முட்டியில் மூன்று தையல் போட வேண்டியிருந்தது. என் கணவரின் சாமான் எதுவும் இதுவரை வழுக்கியதில்லை. நல்ல சாமான் வேண்டாம் என்று சொல்ல நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. ஆனால் பத்து சாமான் இருந்தால் செய்யக்கூடிய வேலைக்கு அவரிடம் இருநூறு இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறைகூட வெளியே வராத சாமான்கள் அடி அறையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தன. அவர் முதுகு மட்டும் வெறும் சிமென்ட் தரையில் படுத்திருந்தது.

மெத்தை என்று சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு இழுப்பறையிலும் கறுப்பு ஃபோம் விரித்து, ஒவ்வொரு சாமானின் வடிவத்துக்கும் ஒரு குழி வெட்டியிருந்தார். அவரே, பிளேடால், ஒரு மாத ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து வெட்டினார். பட்டறையில் யார் எதைக் கேட்டாலும் கொடுப்பார். ஒரே நிபந்தனை: துடைத்து, அதே குழியில் திருப்பி வைக்க வேண்டும். சாயங்காலம் ஏழு அறையையும் ஒவ்வொன்றாகத் திறந்து குழிகளை விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு குழி காலியாக இருந்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். அதிகம் காலியாவது மூன்றாம் அறையில் பத்தாம் நம்பர் சாக்கெட்டின் குழிதான். நட்டின் மேல் கவிழ்த்துத் திருகுகிற, சுண்டுவிரல் நுனி அளவுள்ள சாமான். எல்லா வேலைக்கும் வேண்டும், எங்கே வைத்தாலும் உருண்டு தொலையும். எத்தனையோ சாயங்காலம் நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் டார்ச்சோடு தரையில் தவழ்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷம் தவணை முடிந்தது. முதுகும் முடிந்தது. காலையில் கட்டிலிலிருந்து எழ என் தோளைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். தரையில் படுத்து வேலை செய்வதை விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். சம்பளமோ மூன்று வருஷமாக ஏறவில்லை. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முதலாளியிடம் கேட்டேன்.

"சார், அவருக்கு வேற எடத்துல கூப்பிடறாங்க. நீங்களும் கொஞ்சம் பாத்துச் செய்யணும்."

யாரும் கூப்பிடவில்லை. பொய்தான். முதலாளி கோபப்படவே இல்லை, சிரித்தார்.

"அவன் எங்கம்மா போவான்? அந்தப் பெட்டிய எவன் தூக்குவான்? பைய மாட்டிக்கிட்டு வரான் பாரு, அவனுக்குத்தான் நான் பயப்படணும். பெட்டி வெச்சிருக்கவன் எங்கயும் போகமாட்டான்."

அன்றைக்குத்தான் அந்த ஜாமீன் கையெழுத்து என்னவென்று எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் முதுகைக் காட்டிப் படுத்தார். நானும் வழக்கம்போல மருந்து தேய்த்தேன்.

பேருந்து டிப்போவில் ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியைக் கொண்டுவந்தவன் பைதான். இரண்டு இடம். நிரந்தர வேலை, ஓய்வூதியம். எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே வண்டிக்கு அடியில் ஆள் இறங்கி நிற்கக் குழி உண்டு, வண்டியையே மேலே தூக்கும் லிஃப்ட் உண்டு. நின்றுகொண்டே வேலை செய்யலாம். வயது வரம்பு நாற்பத்தைந்து. என் கணவருக்கு நாற்பத்தைந்து முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. இதை விட்டால் இன்னொன்று கிடையாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான்தான் விண்ணப்பத்தை எழுதினேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு செய்முறைத் தேர்வு, கை மட்டும் கொண்டு வந்தால் போதும் என்று பதில் வந்தது.

கை மட்டும். அந்த ஒரு வார்த்தைதான் அவரை அரித்துவிட்டது. டிப்போவில் சாமானெல்லாம் அவர்களுடையது. காலையில் நம்பர் போட்ட ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்துச் சாமானை வாங்கிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஒரு திருப்புளிகூட உள்ளே போகக் கூடாது.

"அப்ப பெட்டி?" என்று கேட்டார்.

"வித்துடலாம்."

வியாழக்கிழமை வேன்காரரிடம் அவரே கேட்டார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேன்காரர் இழுப்பறைகளை இழுத்துப் பார்த்தார், குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஒரு காலத்தில் இவருடைய பழைய ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்த அதே இரண்டு விரலால் பெட்டியின் மூலையைத் தட்டினார். வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னாராம். அன்றைக்குச் சாயங்காலம் அவர் குழிகளைத் தடவிப் பார்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவருக்குச் சாம்பல் நிற பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் தேய்த்துக் கொடுத்தேன். எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போய், பாதியில் நிற்கிற வேலையைச் சொல்லிவிட்டு, ஒன்பதுக்குப் பை வந்ததும் அவனோடு கிளம்புவது என்று ஏற்பாடு. நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பத்தாம் நம்பர் இல்ல."

"என்னது?"

"பத்தாம் நம்பர் சாக்கெட். குழி காலியா இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னைக்குமா? போய்ட்டு வந்து தேடிக்கலாம், கெளம்புங்க."

"சனிக்கிழம குடுத்தனுப்பின வெள்ள வண்டில விட்டிருந்தா? இன்ஜின் மேல இருந்து உருண்டு பெல்ட்ல விழுந்தா என்ன ஆகும் தெரியுமா? அந்த வண்டில குழந்தைங்க போகுது."

வேலைச் சீட்டைப் பார்த்து நானே அந்த வண்டிக்காரருக்குப் போன் செய்தேன். வண்டியை எடுக்காதீர்கள், மெதுவாக இங்கே ஓட்டி வாருங்கள் என்று முன்னுக்குப் பின் முரணாக உளறினேன். அவர் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு, வருகிறேன் என்றார்.

அதற்குள் பை வந்துவிட்டான். முகம் மழித்து, தலை வாரி, ஆனால் தோளில் அதே பை. அதைப் பட்டறையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான்.

"அண்ணே, கெளம்பலயா?"

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தை அல்ல, பையைப் பார்த்தார்.

"சனிக்கிழம பத்தாம் நம்பர் கடைசியா வாங்கினது நீதானே?"

"வாங்கினேன், திருப்பிக் குடுத்தேன். நீங்கதான தொடச்சு வெச்சீங்க?"

"பையக் கொட்டு."

"அண்ணே!"

"கொட்டுடா."

பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் படுத்து வேலை செய்த இரண்டு பேர். பை ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் அவன் தோளில் தொங்கிய பையைத்தான் பார்த்தேன். இரவல் வாங்கியே காலம் தள்ளுகிறவன்தானே, கைமறதியாக உள்ளே போட்டிருப்பான் என்று என் மனம் கணக்குப் போட்டது. அவன் தேய்த்த பேன்ட்டோடு எண்ணெய்த் தரையில் மண்டிபோட்டுப் பையைக் கவிழ்த்தான். துருப்பிடித்த ஸ்பேனர்கள், டேப் சுற்றிய திருப்புளி, ஒரு சீப்பு, பாதி சோப்பு. அவனுடைய பத்தாம் நம்பர் ஒன்று உருண்டு வந்தது.

"இது என்னோடது. வாய் தேஞ்சிருக்கு, பாருங்க."

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உள்ளே போட்டான். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான், கறை போகவில்லை.

"இன்னும் டைம் இருக்குண்ணே. வரீங்களா?"

அப்போதும் கூப்பிட்டான். என் கணவர் கம்ப்ரசருக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். நான் கெஞ்சினேன், திட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். "வண்டி வரட்டும்" என்றார். வண்டி பத்தரைக்கு வந்தது. இன்ஜினில் ஒன்றும் இல்லை. பதினோரு மணிக்கு வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு தரையில் படுத்தார். பன்னிரண்டுக்கு வந்த முதலாளி அந்தக் கால்களைப் பார்த்தார், கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

பைக்கு வேலை கிடைத்தது. கணக்கு முடிக்க வந்தவன் என் மேசையோடு திரும்பிப் போய்விட்டான். அந்த வியாழக்கிழமை என் கணவர் வேன்காரரிடம் புதுசாக ஒரு பத்தாம் நம்பர் வாங்கிக் குழியில் வைத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு குறைந்தது. அடுத்த மாதம் அவருக்கு நாற்பத்தைந்து முடிந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கதவுக்குப் பின்னால் ஆணியில் அன்றையிலிருந்து தூசு அடைந்து தொங்கிய சாம்பல் பேன்ட்டைத் துவைக்க எடுத்தேன். யாரும் பயன்படுத்தாத அந்தச் சின்ன உள்பாக்கெட்டில் ஏதோ கனமாக இருந்தது. மஞ்சள் துடைப்புத் துணி, நான்காக மடித்தது. உள்ளே பத்தாம் நம்பர் சாக்கெட், சுத்தமாகத் துடைத்து.

கைமறதியாகச் சாமான் பாக்கெட்டுக்குள் போவது மெக்கானிக் வீட்டில் புதிதில்லை. துவைக்கும்போது நட்டும் போல்ட்டும் நிறைய எடுத்திருக்கிறேன். ஆனால் கைமறதி துணியில் மடித்து வைக்காது. அவர் அந்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு பட்டறையில் நின்றது அன்றைக்கு ஒரே நாள். நான் மேசை துடைத்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில் தானே எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, தானே குழி காலி என்று கத்தியிருக்கிறார். அதை இடுப்பில் வைத்துக்கொண்டே தரையில் தவழ்ந்து தேடியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டே இன்னொருத்தன் பையைக் கொட்டச் சொல்லியிருக்கிறார். மடித்தபடியே அதை என் கைப்பையில் போட்டு மூடினேன்.

மறுநாள் மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி டிப்போவுக்குப் போனேன். வாசல் காவலாளி என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "வெளிச் சாமான் உள்ள போகாதும்மா, ஆளதான் வெளிய கூப்பிடணும்" என்றார். பை நீல உடுப்பில் வந்தான். தோளில் ஒன்றும் இல்லாமல் பார்க்க அவன் யாரோபோல இருந்தான். நான் உள்ளங்கையைத் திறந்தேன்.

"தெரியும் அண்ணி" என்றான்.

"என்ன தெரியும்?"

"தேடும்போது அண்ணன் கை இடுப்புக்கிட்டயே போய்ப் போய் வந்துச்சு. பைய கொட்டறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏன்டா கொட்டினே?"

"என்ன பண்றது? நான் மாட்டேன்னு சொன்னா உங்க முன்னாடி அவரு பாக்கெட்ட நான் காட்டிக் குடுக்கணும். பெரியவரு." ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவரு சொன்னது எனக்கு வலிக்கல. பெட்டி அவரப் பேச வெக்குதுன்னு விட்டுட்டேன். நீங்களும் என் பையப் பாத்தீங்க பாருங்க, அதான் அண்ணி."

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். சாக்கெட்டைத் துணியில் மறுபடி மடித்தேன். உள்ளே மணி அடித்தது. "அண்ணனுக்கு முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

பட்டறைக்குத் திரும்பியபோது வேலை முடிகிற நேரம். அவர் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு, குழிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றேன். ஏழாம் அறையை மூடினார்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கு. ஒண்ணும் கொறையல. கெளம்பலாம்."

மஞ்சள் துணியோடு அதைப் பெட்டியின் மேல் வைத்தேன். துணி விரிந்து சாக்கெட் ரப்பர் விரிப்பில் உருண்டது. கீழே விழப்போன சமயம் அவர் கை தானாக நீண்டு அதைப் பிடித்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கே கிடைத்தது என்றும் கேட்கவில்லை. பழக்க தோஷம், அதே துணியில் ஒரு தடவை துடைத்தார். மூன்றாம் அறையை இழுத்தார். பத்தாம் நம்பர் குழியில் புதுசு உட்கார்ந்திருந்தது.

திறந்த இழுப்பறைக்கு முன்னால், அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இத எங்க வெக்கிறது?" என்றார் மெதுவாக.

நான் போய் விளக்குகளை அணைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, அவர் வெளியே வரட்டும் என்று தெருவில் நின்றேன். முதுகு வளையாததால், அந்தப் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வர அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.